பேருந்து நிறுத்தத்தை ஏன் மூலையில் தள்ளினார்கள்?

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். கடிதமும், உங்கள் பகுதியில் வரப்போகும் நகர மையத்தின் வரைபடமும் கிடைத்தன. ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது! மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள், எனக்கு முழங்கால் வலிதான் புதுசு. வீட்டுச் சேதி இவ்வளவுதான்.

உங்கள் பகுதியில் வீடுகள் பெருகிய வேகத்துக்கு ஒரு நகர மையம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆலோசகர்கள் போட்டுத் தந்திருப்பதைப் பார்த்தால் பெரிய வணிக வளாகமும் அதைச் சுற்றி வாகன நிறுத்தமும்தான் தெரிகின்றன. பேருந்து நிறுத்தத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. தென்கிழக்கு மூலையில், கார்கள் நிற்கும் இடத்துக்கும் அப்பால் கிடக்கிறது. கைக்குழந்தையோடு இறங்குகிறவள் அந்தத் தார்ப்பரப்பு முழுவதையும் வெயிலில் கடந்துதான் நூலகத்துக்கு வர வேண்டும். ஒரு கார் நிற்க, வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். 1,000 கார் என்றால் ஆறேழு ஏக்கர். நல்ல நிலமெல்லாம் அதிலேயே போய்விடாதா?

கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன் கதை உனக்குத் தெரிந்ததுதான். 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறக்கப்பட்ட சவுத்டேல் என்ற மூடிய, குளிரூட்டிய வணிக வளாகத்தை வடிவமைத்தவர் அவர். சுற்றிலும் வீடு, பள்ளி, பூங்கா என்று ஒரு முழு ஊரே அவர் திட்டத்தில் இருந்தது. ஆனால் உண்மையில் கட்டப்பட்டதும், பிறகு ஊர் ஊராக நகலெடுக்கப்பட்டதும் வளாகமும் வாகன நிறுத்தமும்தான். கடைசிக் காலத்தில் அந்த நகல்களை அவரே கடுமையாகச் சாடினார், பாவம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1954-இல், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் புறநகரில் வெல்லிங்பி மையம் திறக்கப்பட்டது. மெட்ரோ நிலையம் நட்டநடுவில். அதை ஒட்டி உயரமான அடுக்குமாடிகள், தள்ளிப் போகப் போக உயரம் குறைந்த வீடுகள். ரயிலை விட்டு இறங்கினால் கடைத்தெரு. குடியிருப்பவர்களுக்கு அங்கேயே வேலையும் கிடைக்கும் என்று போட்ட கணக்கு பெரிதாகப் பலிக்கவில்லை, நிறைய பேர் வேலைக்கு வெளியேதான் போனார்கள். ஆனாலும் மையம் மையமாகவே நின்றது. நிலையத்தை நடுவில் வைத்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆலோசகர்கள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் அடைக்கப் பார்க்கிறார்களே, அதுதான் எனக்குப் பயம். ஸ்காட்லாந்தின் கம்பர்நால்டு என்ற புதுநகரில் அப்படித்தான் கடை, அலுவலகம், வீடு எல்லாவற்றையும் ஒரே பிரம்மாண்டமான கட்டடத்தில் திணித்தார்கள். முதல் கட்டம் 1967-இல் திறந்தது. பின்னாளில் ஒரு பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு மூலை பழுதானால் அதை மட்டும் மாற்றுவது லேசில்லை. சின்னச் சின்ன மனையாகப் பிரித்தால் ஒரு கடை நொடித்தாலும் பக்கத்துக் கடை பிழைக்கும்.

அதனால் நீ இருக்கும் திட்டக் குழுவில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்: முதலில் தெருக்களைப் போடட்டும், இருக்கிற குடியிருப்புகளின் தெருவோடு அவற்றை இணைக்கட்டும், பேருந்து நடுவில் வந்து நிற்கட்டும். கட்டடங்கள் மெதுவாக வரலாம். பத்து வருஷம் சில மனைகள் காலியாகக் கிடந்தால்தான் என்ன? பிள்ளைகள் பந்து விளையாடிவிட்டுப் போகட்டும்.

அப்புறம், நிலத்தை விற்கப் போகிறார்களா, குத்தகைக்கு விடப் போகிறார்களா? உன் கடிதத்தில் அது இல்லை. அடுத்த கூட்டத்தில் கேட்டு உடனே எழுது. விற்பதென்று முடிவாகிவிட்டால் நிலம் வாங்கியவர் கைக்குப் போய்விடும், நாம் பேசுவதற்கு அதிகம் இருக்காது.

அன்புடன்,
உன் பழைய சகா