வகுப்பறையில் ஓவியம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, தங்கள் வகுப்பறைகளை எங்களுக்குத் திறந்துவிட்ட தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுக்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்களும், இன்னும் பணியில் இருக்கும் சிலரும், பிள்ளைகளின் படிப்பில் அக்கறை கொண்ட பெற்றோர்களும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை அவை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், பணம் பற்றிய பேச்சை அவரிடமே விட்டுவிட்டு, வகுப்பறைக்குள் நடந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முந்தைய ஆண்டுகளில் நம் முதன்மையான வேலை ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளாகவே இருந்தது. மண்டபம் பிடிப்போம், தலைப்புக் கொடுப்போம், மதியத்துக்குள் பரிசளித்து அனுப்பிவிடுவோம். ஏற்கெனவே நன்றாக வரைகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அது உதவியதே ஒழிய, வரையத் தெரியாத ஒரு பிள்ளைக்கு ஒரு கோட்டைக்கூட அது கற்றுத் தரவில்லை. ஆகவே சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி போட்டிகளை நிறுத்திவிட்டு, மூன்று அரசுப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை என்று ஓவியப் பாடங்களை நடத்தினோம். போட்டியை நிறுத்தியதில் சில உறுப்பினர்களுக்கு இன்றுவரை வருத்தம் உண்டு என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

முதல் வாரம் மூன்று பள்ளிகளிலும் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, விருப்பம் போல ஓர் இயற்கைக் காட்சியை வரையச் சொன்னோம். வந்த படங்களைச் சங்க அறையின் தரையில் பரப்பியபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள்: சில படங்கள் நீங்கலாக எல்லாமே இதே படம். நம் வட்டாரத்தில் முக்கோண மலை எங்கே இருக்கிறது? இருப்பவை யானை படுத்தது போன்ற மொட்டைப் பாறைகள். வெள்ளாற்றில் தண்ணீர் ஓடுவதை அந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் பார்த்திருப்பார்கள்? பள்ளிக்கு வரும் வழியெல்லாம் தைலமரமும் கண்மாய்க்கரையும் சீமைக்கருவேலமுமாக இருக்க, அவற்றில் ஒன்றுகூடத் தாளில் இறங்கவில்லை. குறை பிள்ளைகளுடையது அன்று. கரும்பலகையில் அந்த மலைகளை வரைந்துவிட்டு, "பார்த்து வரைங்க" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எங்கள் தலைமுறை ஓவிய வாத்தியார்கள்தாம். ஆண்டு முழுவதற்கும் ஒரே விதி வைத்துக்கொள்வது என்று அன்றே முடிவு செய்தோம்: பலகையைப் பார்த்து வரையும் பாடம் கிடையாது, முன்னால் இருக்கும் பொருளைப் பார்த்து வரையும் பாடம் மட்டுமே உண்டு.

ஏழாம் வகுப்பில் நடந்த ஒரு பாடத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். மேசையின் மேல் ஒரு பித்தளைச் செம்பை வைத்து வரையச் சொன்னோம். ஏறத்தாழ எல்லாரும் செம்பின் வாயை முழு வட்டமாகவும், அடியை ஸ்கேல் வைத்து இழுத்தது போன்ற நேர்கோடாகவும் வரைந்திருந்தார்கள். வாய் வட்டமானது என்பதும், அடி மேசையில் தட்டையாக உட்காரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தங்களுக்குத் தெரிந்ததை வரைந்தார்களே அன்றி, கண்ணுக்குத் தெரிவதை வரையவில்லை. பாடம் எடுத்த நம் மூத்த உறுப்பினர் யாருடைய கோட்டையும் திருத்தவில்லை. செம்பை எடுத்து, மாணவர்களின் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தார். வாய் ஒற்றைக் கோடாக மூடிக்கொண்டது. மெல்ல மெல்லத் தாழ்த்தினார். கோடு வாய்திறந்து, மாங்கொட்டையாகி, முட்டையாகி, செம்பு தரைக்கு வந்தபோது ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அப்பன்னா அடியும் வளையணும்ல சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியின் அருமை ஓவியம் கற்பித்தவர்களுக்குத் தெரியும். அடி வளைய வேண்டும் என்பது மட்டுமல்ல, வாயைவிட அடி நம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே தள்ளி இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். "லோயர்", "ஹையர்" என்று நாம் சொல்லும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்கு உட்கார்ந்த காலத்தில் நாங்கள் இதை விதியாக மனப்பாடம் செய்தோம்; அந்தப் பிள்ளை ஒரு செம்பு மேலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தே கண்டுகொண்டாள். பிறகு முன்வரிசையையும் பின்வரிசையையும் இடம் மாற்றி உட்கார வைத்து, அதே செம்பை மறுபடியும் வரையச் செய்தோம். அருகில் இருந்து வரைந்த தாளில் வாய் அகலமாகவும், தள்ளி இருந்து வரைந்ததில் குறுகலாகவும் இருந்தது. தன் படம் பக்கத்துப் பையன் படத்தைப் போல இல்லாததற்காக அழித்து அழித்து வரையும் வழக்கம் அன்றோடு கொஞ்சம் குறைந்தது.

இனி, பதிவு செய்தே ஆக வேண்டிய ஒரு தவறு. அதைச் செய்தவன் நானே. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன், தன் ஊர்க் கண்மாய்க்கரையில் மாடுகள் நிற்பதை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தான். மாட்டின் நான்கு கால்களும் கரைக்குச் செங்குத்தாக, அதாவது சரிவில் சாய்ந்து நின்றன. பழக்க தோஷத்தில் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கி, இரண்டே கோட்டில் காலை நிமிர்த்திக் கொடுத்தேன். நல்ல கோடுதான். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் அவன் தாளில் கண்மாயும் இல்லை, மாடும் இல்லை. பழைய முக்கோண மலைகள் திரும்பி வந்திருந்தன. தவறு நேராத படத்துக்கே அவன் போய்விட்டான். ஒன்பது பத்து வயது வரை கூச்சமில்லாமல் வரையும் பிள்ளை, அதற்குப் பிறகு தன் படத்தைத் தானே குறைசொல்லத் தொடங்கும் என்று, குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த விக்டர் லோவன்ஃபெல்டு எழுதியிருக்கிறார். அதைப் படித்தும், பல ஆண்டுகள் பாடம் நடத்தியும், கை சும்மா இருக்கவில்லை. செயற்குழுவில் இதை நானே சொல்லி, பிள்ளையின் தாளில் ஆசிரியர் கோடு போடக் கூடாது, காட்ட வேண்டியதைத் தனித் தாளில் காட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டோம். மாடுகள் ஆண்டின் கடைசி வாரங்களில்தான் அவன் தாளுக்குத் திரும்பின. கால்கள் இன்னும் சாய்ந்தே நிற்கின்றன.

வண்ணப் பாடங்களுக்குக் கடையில் வாங்கும் போஸ்டர் கலர் கட்டுபடியாகவில்லை என்பதால், பாதிப் பாடங்களை வீட்டிலும் காட்டிலும் கிடைப்பதைக் கொண்டு நடத்தினோம். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்தூள், சுண்ணாம்பு ஆகிய நான்கையும் தனித்தனியே அரைத்து, வேலம்பிசின் கரைசலில் குழைத்தார்கள். வெள்ளையைக் கலந்தால் எந்த நிறமும் வெளிறும் என்று முந்தைய வாரம் படித்திருந்ததால், ஓர் அணி மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தது. இளமஞ்சள் வரவில்லை, கிண்ணம் சிவந்துவிட்டது. "ஆரத்தி, ஆரத்தி" என்று வகுப்பே கூச்சலிட்டதில் பக்கத்து வகுப்பிலிருந்து அறிவியல் ஆசிரியை வந்துவிட்டார். வந்தவரையே பாடம் எடுக்கச் சொன்னோம். சுண்ணாம்பின் காரத்தன்மையால் மஞ்சள் நிறம் மாறுவதை அவர் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டுப் போனார். அதே நாளில் நான்கு வண்ணங்களையும் ஓர் அட்டையில் பட்டையாகத் தீட்டி வெயில் படும் சன்னலில் மாட்டினோம். சில வாரங்களில் மஞ்சள்தூள் பட்டை வெளிறி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. செம்மண்ணும் கரியும் அப்படியே இருந்தன.

அந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றோம். நகரிலிருந்து 16 கிலோமீட்டர். ஆனாலும் அதுவரை போயிராத பிள்ளைகளே மிகுதி. குடைவரைக் கோயிலின் விதானத்தில் இருக்கும் தாமரைக்குளம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் வண்ணங்களை 1930களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், வெள்ளைக்குச் சுண்ணாம்பும், கறுப்புக்குக் கரியும், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண்ணும் பயன்பட்டதைக் கண்டறிந்தார். சுண்ணாம்புப் பூச்சில் நிறம் மாறாமல், வெளிச்சத்தில் வெளிறாமல் நிற்கக்கூடிய மண் வண்ணத்தை ஓவியர்கள் ஏன் தேர்ந்தார்கள் என்பதைச் சன்னல் அட்டை முன்பே சொல்லியிருந்ததால், நாங்கள் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. அங்குள்ள கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்த இளங்கௌதமனை மதுரை ஆசிரியன் என்று குறிப்பிடுவதைச் சொன்னபோது, எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சற்றே நிமிர்ந்து நின்றதையும் குறிப்பிட வேண்டும்.

உள்ளே சிறு சிறு குழுவாகப் போய், ஒவ்வொருவரும் விதானத்தில் ஒரே ஒரு பொருளை, மீனோ, யானையோ, எருமையோ, தாமரை பறிக்கும் மனிதர்களில் ஒருவரையோ, தேர்ந்து பென்சிலால் வரைய வேண்டும் என்பது பாடம். கழுத்து வலிக்க வரைந்தார்கள். வெளியே வந்ததும் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு எங்களிடம் சட்டென்று பதில் இல்லை. குளத்தை மேலிருந்து பார்ப்பது போலப் படம் முழுக்க விரித்துவிட்டு, அதே குளத்தில் மீனையும் யானையையும் பக்கவாட்டில் பார்ப்பது போல வரைந்திருக்கிறார்களே, செம்புப் பாடத்தின்படி இது தப்பில்லையா என்றான். தப்பில்லை என்று சொன்னால் செம்புப் பாடம் அடிபடுகிறது. தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஓரிடத்தில் நின்று பார்ப்பதை வரைவது ஒரு முறை, குளத்தில் இருப்பதையெல்லாம் ஒன்று மறைக்காமல் ஒன்று காட்டுவது வேறொரு முறை, அந்த ஓவியர் இரண்டாவதைத் தெரிந்தே எடுத்தார் என்று உடன் வந்த உறுப்பினர் விடை சொன்னார். எனக்கு அது முக்கால் விடையாகவே பட்டது. மண்டபத்தில் போட்டி நடத்திய நாள்களில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

பாடவேளைகள் பற்றி. மூன்று பள்ளிகளில் இரண்டில், அட்டவணையில் குறித்த வேளை எங்களுக்குத் தடையின்றிக் கிடைத்தது. ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னும் முழுஆண்டுத் தேர்வுக்கு முன்னும் ஓவிய வேளை கணக்குக்குப் போய்விட்டது. முன்கூட்டித் தெரிவிக்காததால், பித்தளைச் செம்போடு இரண்டு முறை வாசலிலிருந்தே திரும்பினோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்குக் கலைக்கல்விப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்பின் 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்குச் சேர்த்து 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்று அப்போது எடுக்கப்பட்ட அந்த ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் நாம் அவர்களுக்குத் துணையாக மட்டுமே நிற்க வேண்டும், அவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வது போன்ற தோற்றம்கூட வரக் கூடாது என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

பள்ளிக் கல்வித் துறை 2022–23 முதல் நடத்திவரும் கலைத்திருவிழாவில் நம் வகுப்புப் பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். அதற்கென்று தனிப்பயிற்சி எதுவும் நாம் தரவில்லை.

தாள் விஷயத்தில் அச்சகங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெட்டி மிஞ்சும் தடித்த தாளை அவர்கள் கட்டுக்கட்டாகக் கொடுத்ததால், ஈரவண்ணம் பட்டால் நொந்துபோகும் ஜெராக்ஸ் தாளை ஆண்டின் நடுவிலேயே கைவிட முடிந்தது. தாள்கள் நீளநீளமான பட்டைகளாக வருவதால் பிள்ளைகள் வயல்வரப்பையும் பேருந்தையும் தாமாகவே அதிகம் வரைந்தார்கள் என்பது நாங்கள் திட்டமிடாதது.

வரும் ஆண்டில் இதே மூன்று பள்ளிகளில் தொடர்வது, புதிய பள்ளி எதையும் சேர்க்காமல் இருப்பது, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஏழாம் வகுப்பை அழைத்துச் சென்று சிற்பங்களின் முன் உட்கார்ந்து வரையச் செய்வது ஆகியவை செயற்குழுவின் பரிந்துரைகள். பாடம் எடுக்க இப்போது ஐந்து பேரே இருக்கிறோம். அதில் இருவருக்குக் கண்புரை அறுவை முடிந்து ஓய்வு. வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கக்கூடிய உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளையின் பென்சிலை வாங்காமல் பக்கத்தில் நிற்கத் தெரிந்தால் போதும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்