கயிற்றை மாற்றினால் எழுதி வையுங்கள்

மாணவர்களே நடத்தும் கடல் அறிவியல் ஆய்வு, கல்வித் திட்டத்தின் தலைமையில் இருக்கும் உங்களுக்கு,

இப்படியொரு திட்டத்தில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன். படிப்பை முடித்து வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்து, நாங்களும் எங்களுக்குப் பின் வந்தவர்களும் எடுத்த அளவுகளைக் கோத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் நோட்டில் நீரின் தெளிவு ‘4.2 மீட்டர்’. அடுத்த அணியின் நோட்டில் வெறும் ‘4’. அதற்கடுத்ததில், ‘தண்ணீர் பரவாயில்லை’. சிரித்துவிட்டேன். கோபப்பட எனக்குத் தகுதியில்லை. நாங்களே பாதியில் அளவு எடுக்கும் கயிற்றை மாற்றினோம். எந்த நாளில் என்று எங்கும் எழுதவில்லை. இழுத்தால் நீளும் நைலான் கயிறு அது.

நீரின் தெளிவை அளக்க வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவது சிறுபிள்ளை வேலை என்று நினைப்பவர்கள் உங்கள் அணியிலும் இருப்பார்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற வானியலாளர் மத்தியதரைக் கடலில் செய்து பார்த்த வேலை அது. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மெல்ல மேலே இழுக்க வேண்டும். பச்சை நீருக்குள் வெளிறிய வட்டம் மறுபடி தட்டுப்படும் ஆழத்தையும் குறிக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் அளவு. படகின் நிழல் விழும் பக்கம் நிற்க வேண்டும், வெயில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், நடுப்பகலை ஒட்டி எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எண் பிசகும்.

2010-இல் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகக் கடல்களில் நீரைக் கலங்கலாக்கும் நுண்ணிய தாவர மிதவை உயிரிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்து வருவதாக அது சொன்னது. பழைய செக்கி அளவுகளையும், நீரில் நேரடியாக அளந்த பச்சைய அளவுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. மறு ஆண்டே மறுப்புகள் வந்தன: இரண்டு முறைகளைக் கலந்ததால்தான் சரிவு தெரிகிறதோ? கைதேர்ந்தவர்களுக்கே இந்தப் பாடு என்றால், ‘பரவாயில்லை’யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உங்கள் ஆர்வத்தில் குறை காணவில்லை. ஆனால் தலைவர் மாறும்போதெல்லாம் திட்டமே மாறுகிறது. ஓராண்டு பவளம், மறு ஆண்டு ட்ரோன், அதற்கடுத்து உயிரினங்கள் நீரில் விட்டுச்செல்லும் டிஎன்ஏ. உங்கள் கேள்விகளை நீங்களே தேர்ந்தெடுப்பதுதான் இத்திட்டத்தின் உயிர். அதை யாரும் பறிக்கக் கூடாது. ஓர் அளவீட்டை மட்டும் எந்தத் தலைவரும் கை வைக்க முடியாததாக ஒதுக்கிவிடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தட்டு.

சலிப்பான வேலைதான். கடல் உயிரியலாளர் சர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த மிதவை உயிரிப் பதிவுக் கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் இழுத்துச் செல்கின்றன. உள்ளே மெதுவாக நகரும் பட்டுத் துணியில் உயிரிகள் சிக்கும். அந்தத் துணிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். 2004-இல் கடல் உயிரியலாளர் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் 1960-களின் துணிகளைக்கூட எடுத்துப் பார்த்தபோது, உயிரிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. பிந்தைய பத்தாண்டுகளில் அவை கூடியிருந்ததும் தெரிந்தது. துணியைப் பத்திரப்படுத்தியவர்கள் பிளாஸ்டிக்கைத் தேடியா பத்திரப்படுத்தினார்கள்?

கரைக்கு நீங்கள் அழைத்துவரும் பள்ளிப் பிள்ளைகளையும் இதில் சேருங்கள். நட்சத்திர மீனைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. ஒரு பிள்ளை கயிற்றைப் பிடிக்கட்டும், இன்னொன்று அளவைப் படிக்கட்டும், உங்கள் நோட்டிலேயே அதன் கையெழுத்தில் எழுதட்டும். இருவர் சொல்லும் எண் ஒத்துப்போகாதபோது எழும் வாக்குவாதத்தில் அவர்கள் கற்பதை எந்தச் சுவரொட்டியும் கற்றுத்தராது.

பொறுப்பைக் கைமாற்றும் நாளில் விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பழைய அணியும் புதிய அணியும் ஒரே படகில் போய், ஒரே நீரில், ஒரே மணி நேரத்துக்குள் தனித்தனியாக அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ, அதை அப்படியே எழுதுங்கள். கயிறு மாறினால் தேதியும், பழைய கயிற்றோடு ஒப்பிட்ட நீளமும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கள் நோட்டுகளை, அந்தப் ‘பரவாயில்லை’ உட்பட, படியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். எங்கள் பழைய தட்டும் என்னிடம்தான் இருக்கிறது. வண்ணம் உரிந்துவிட்டது, அதனால் அதை அளக்கப் பயன்படுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் கயிறு பிடித்த ஒருவன்