படைப்பு வீட்டில் அடைத்த கதவு

பள்ளத்தூர்

அன்புள்ள சோமு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கண் ஆபரேஷனை வைத்துக்கொண்டு இப்படிக் கேள்வி கேட்க உன்னால்தான் முடியும். “சாகாமல் இருக்க ஒரு மாத்திரை வந்தால் போட்டுக்கொள்வாயா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே “இதையெல்லாம் படைத்தது யார்?” என்கிறாய். முதல் கேள்விக்கு எங்கள் வீட்டில் உடனே பதில் வந்துவிட்டது. இருக்கிற ஏழு மாத்திரையையே ஒழுங்காகப் போடுவதில்லை, எட்டாவது எதற்காம்.

திருக்கடையூரில் உனக்கு எழுபதாம் வயசுப் பீமரத சாந்தி நடந்த அன்று, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, “மார்க்கண்டேயன் கொடுத்துவைத்தவன்டா, என்றும் பதினாறு” என்று என் காதில் சொன்னாய். அப்போதே கேட்க நினைத்தேன். பதினாறில் நமக்கு என்ன இருந்தது? முகப்பருவும் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையும். உனக்கு அதுவே இரண்டு தடவை. அங்கேயே நின்றுவிடச் சம்மதமா?

சாகாவரம் வாங்கியவன் கதையில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும். இரணியனுக்கு வாசற்படி. மத்தியதரைக் கடலில் நகத்தளவுகூட இல்லாத ஒரு ஜெல்லி மீன் இருக்கிறது, டுரிடாப்சிஸ் என்று பெயர். பசியோ அடியோ பட்டால், முதுமைக்குப் போகாமல் தன் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிப் போய் மறுபடி வளரும். அதற்கும் ஓட்டை உண்டு. வேறொரு மீன் விழுங்கினால் தீர்ந்தது.

நமக்கு அந்த வசதி இல்லை. நம் உடம்பின் சாதாரணச் செல்லை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் 40 முதல் 60 தடவை பிரியும், அப்புறம் நின்றுவிடும். 1961-இல் ஹேஃப்ளிக் என்ற விஞ்ஞானி இதைக் காட்டினார். நில் என்றாலும் நிற்காதது புற்றுநோய்ச் செல். அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து 1951-இல் அவரைக் கேட்காமலே கொஞ்சம் எடுத்தார்கள். அதே வருஷம் 31 வயதில் அவர் போய்விட்டார். அந்தச் செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்ததுகூட அவற்றில்தான். பெயரிலிருந்து இரண்டிரண்டு எழுத்தை எடுத்து ‘ஹீலா’ என்று சீட்டு ஒட்டினார்களே தவிர, அது யார் என்று வெகுகாலம் பலருக்குத் தெரியாது. உடம்பு போகவில்லை, ஆள் போய்விட்டார். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒன்றைப் போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். எங்கள் பங்காளிகள் படைப்பு, இறந்துபோன முன்னோரைக் கூப்பிட்டு இலை போட்டுப் படைக்கிற சடங்கு. அய்யாவைப் பெற்ற உமையாள் ஆத்தா, பிள்ளைப்பேற்றில் போனவர். படம் கிடையாது, நகை கிடையாது. கறுப்பா சிவப்பா என்று சொல்ல ஆள் இல்லை. மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். பேழைக்கு முன்னால் புதுச்சேலையை மடித்து வைத்து, இலை போட்டு, உளுந்தில் கிளறிய கும்மாயமும் பணியாரமும் பரிமாறி, விளக்கை ஏற்றினோம். பெரியவர் ஒருவர், “உமையாள் ஆத்தா, வந்து ஏத்துக்கணும்” என்று கூப்பிட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: “நான் இங்கேதானே இருக்கேன்!” என் பேத்தி. ஆறு வயசு. அவளுக்கும் அதே பெயர்தானே. எல்லாரும் சிரித்தோம். மூத்த ஆச்சி ஒருவர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவை அடைத்துவிட்டு வெளியே திண்ணையில் காத்திருந்தோம். திறந்ததும் முதலில் உள்ளே ஓடியவள் அவள்தான். “ஏழு பணியாரமும் அப்படியே இருக்கு அய்யா. சாப்பிடாதவங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?” முப்பத்து நாலு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு வாய் திறக்க வரவில்லை. ஒரு பணியாரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

சோமு, மாத்திரை எனக்கு வேண்டாம். சாகாதவனை யார் இலை போட்டுக் கூப்பிடுவார்கள்?

அந்தத் திண்ணையில் இருந்தபோதுதான் உன் இரண்டாவது கேள்வி பிடிபட்ட மாதிரி இருந்தது. நம் ஊரில் படைப்பு என்றால் இதுதான். ஊரார் சொல்லும் படைப்பு, அதாவது சிருஷ்டி, அதற்கும் அதே சொல். ஆனால் இங்கே யாரும் இல்லாத ஒன்றை உண்டாக்கவில்லை. அரிசியும் உளுந்தும் ஏற்கெனவே இருந்தவை. ஆக்கி, ஒருவர் முன்னால் வைத்தோம், அவ்வளவுதான். சைவ சித்தாந்தமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பதியாகிய இறைவனைப் போலவே, பசுவாகிய உயிரும் அதைக் கட்டும் பாசமும் அநாதி, தொடக்கமில்லாதவை. இறைவன் உயிரைச் செய்யவில்லை. குயவன் மண்ணிலிருந்து பானை வனைவதுபோல, மாயை என்ற மூலப்பொருளிலிருந்து உலகை ஆக்கி உயிர்களுக்குக் கொடுக்கிறான். அப்படிப் பார்த்தால் உன்னைப் படைத்தவர் யாருமில்லை, உனக்குப் படைத்தவர்தான் உண்டு. விஞ்ஞானிகள் பிரபஞ்சத்தின் வயசுக்கு 1380 கோடி ஆண்டுக் கணக்குச் சொல்கிறார்கள். முதல் சில நிமிஷத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் பெரும்பாலும். உன் எலும்பின் கால்சியமெல்லாம் ரொம்பப் பின்னால் நட்சத்திர அடுப்பில் வெந்தது. ஆனால் அந்த இலை யாருக்காகப் போட்டது என்று அவர்களைக் கேட்க முடியாது. அவர்கள் வேலை அதுவல்ல. என்னைக் கேட்டால், யாருக்குமில்லை என்ற பதிலைக்கூட என்னால் தாங்க முடியும். அதை அடித்துச் சொல்கிறவர்களைத்தான் தாங்க முடிவதில்லை, அந்தப் பக்கமானாலும் இந்தப் பக்கமானாலும்.

சரி, ஊர்ச் சேதி. எங்கள் எதிர்வீட்டைப் பிரித்துவிட்டார்கள். பதினாலு புள்ளி, அதாவது பதினாலு பங்குக் குடும்பம், அதில் ஒருவர் கையெழுத்துக்காகவே ஆறு வருஷம் கிடந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள் இரண்டு லாரியில் போயின. கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் மட்டும் கடப்பாரைக்கு மசியவில்லை, இன்னும் வாரக்கணக்கில் ஆகுமாம். தூசி தாங்காமல் இதைப் பின்கட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் தேதி எழுது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். மிச்சம் இருந்த கும்மாயத்தை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குள் கெட்டுப்போகும். புதிதாகவே கிளறிக் கொண்டுவருகிறேன். சர்க்கரை எவ்வளவு என்று தங்கச்சியிடம் கேட்டுச் சொல்.

உன்,
மெய்யப்பன்