நசுங்கிப்போன டிரம்ஸ்

அன்பு நண்பனுக்கு,

உன் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பழைய ராக் குழு ஒன்று பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஆல்பம் போட்டால், வெளியான அன்றைக்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொள்கிறார்களே, யார் பேச்சை நம்புவது என்று கேட்டிருந்தாய். முதல் வாரத்தில் பிரமாதம் என்பவனையும் குப்பை என்பவனையும் கொஞ்சம் தள்ளி வை. பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாலு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை, காது அசந்துபோகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறவன் ஒருவன் இருப்பான். அவனைக் கவனி. காரணம் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவன் காது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

கனடாவின் ராக் குழுவான ரஷ்ஷின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பத்துக்கு நடந்ததை எடுத்துக்கொள். 1997 ஆகஸ்டில் டிரம்மர் நீல் பியர்ட்டின் மகள் கார் விபத்தில் இறந்தாள். பத்தே மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். குழு இனி இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1996-க்குப் பிறகு 2002 மே மாதம்தான் அடுத்த ஆல்பம் வந்தது. முதல் பாட்டே பியர்ட்டின் தனி டிரம்ஸில், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம்மின் இரட்டை உருட்டலோடு தொடங்கும். அந்த நிலைமையிலிருந்து மீண்டு வந்த மனிதர் அப்படி வாசிப்பதைக் கேட்டு ரசிகர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அதே டிரம்ஸ்தான் பிரச்சினையும். கேட்கக் கேட்க ஒரு கரகரப்பு. ஸ்னேர் என்கிற, பளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்மின் அடி நெஞ்சில் படாமல் காகிதத்தில் தட்டியது போலக் கேட்டது. சிம்பல் என்கிற வெண்கலத் தட்டுகள் தனித்தனியாக மின்னாமல் ஒரே இரைச்சலாகக் கலந்துகிடந்தன. அதைச் சொன்னவர்களை மற்ற ரசிகர்கள் நன்றிகெட்டவர்கள் என்கிற மாதிரி பார்த்தார்கள். குழு திரும்பி வந்த மகிழ்ச்சியும் பதிவின் தரமும் இரண்டு வேறு விஷயம் என்று பிரித்துப் பார்க்க அப்போது யாருக்கும் மனசு வரவில்லை.

என்ன நடந்தது என்றால், டிஜிட்டல் பதிவுக்கு ஒரு கூரை உண்டு. பூஜ்ய டெசிபல். அதற்கு மேல் எதுவும் போக முடியாது. ராக் பாட்டில் அந்தக் கூரையைத் தொடுவது பெரும்பாலும் டிரம்ஸின் அடிதான். சில மில்லிசெகண்டு நீளமுள்ள கூர்முனை அது. கிட்டாரும் குரலும் அதற்குப் பல டெசிபல் கீழே இருக்கும். மொத்தப் பாட்டையும் சத்தமாக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மேலே தூக்க வேண்டும். தூக்கினால் அந்த முனைகள் கூரையில் இடிக்கும். ஆகவே ஒரு மட்டத்துக்கு மேல் ஒலியைப் போகவிடாத லிமிட்டர் போட்டு முனைகளை நறுக்குகிறார்கள், இல்லையென்றால் அப்படியே இடிக்க விட்டு மழுங்கடிக்கிறார்கள். சத்தம் கூடும், அடி செத்துவிடும். கூர்மை போன ஸ்னேருக்கும் இரைச்சலுக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேரம் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே மட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அசதிதான் வரும். அந்த ரசிகன் சொல்லத் தெரியாமல் சொன்னது இதைத்தான்.

இதைச் சரிசெய்ய ரீமாஸ்டர், அதாவது மறுபடி மாஸ்டரிங் செய்வது, எப்போதும் போதாது. மாஸ்டரிங் என்பது இடது, வலது என்று இரண்டே தடமாகக் கலந்து முடித்த பாட்டின் மேல் செய்கிற கடைசி வேலை. நசுக்கல் அந்தக் கடைசிப் படியில் நடந்திருந்தால், அதற்கு முந்தைய கோப்பை எடுத்து மறுபடி மாஸ்டர் செய்யலாம். கலக்கும்போதே நசுங்கிவிட்டது என்றால் ஒவ்வொரு வாத்தியத்தின் மூலத் தடத்துக்கும் திரும்பிப் போய் முதலிலிருந்து கலக்க வேண்டும். அதுதான் ரீமிக்ஸ். பழைய பாட்டுக்குப் புது பீட் போடுகிற ரீமிக்ஸ் இல்லை இது. ‘வேப்பர் டிரெயில்ஸ்’ இரண்டாவது வகை. 2009-இல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாட்டை மட்டும் ஒலிப்பொறியாளர் ரிச்சர்ட் சிக்கி மறுபடி கலந்தார். அதைக் கேட்டதும் முழு ஆல்பத்துக்கும் இப்படிச் செய்யுங்கள் என்ற குரல் வலுத்தது. 2013-இல் டேவிட் பாட்ரில் கலந்த முழு ஆல்பம் வந்தது. பதினோரு வருஷம் ஆனாலும், ரசிகர்களின் முறையீட்டுக்குக் குழு செவிசாய்த்த நல்ல உதாரணம் அது.

நீ இரண்டையும் வைத்துக்கொண்டு முதல் முப்பது விநாடியை மட்டும் கேள். பேஸ் டிரம்மின் அடிகள் உருண்டு ஒன்றாகிவிடுகின்றனவா, தனித்தனியாக எண்ண முடிகிறதா என்று பார். பிறகு கிட்டார் நுழையும் இடத்தில் டிரம்ஸ் பின்னால் சுருங்குகிறதா என்று கவனி. நசுங்கிய பதிவில் புது வாத்தியம் ஒன்று நுழைந்தால் ஏற்கெனவே இருப்பது சுருங்கும், ஏனென்றால் கூரைக்குக் கீழே இடமே மிச்சமில்லை. இதையும் சொல்ல வேண்டும்: பழைய பதிவின் முரட்டுத்தனம்தான் அந்த ஆல்பத்தின் துக்கத்துக்குப் பொருத்தம் என்று இன்றும் வாதிடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் காரணத்தோடு பேசுகிறார்கள்.

மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ கதை உனக்குத் தெரியும், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2003-இல் வந்த ஆல்பத்தில் கிட்டார் சோலோவே இல்லை, ஸ்னேர் தகர டப்பா மாதிரி ஒலித்தது என்று ரசிகர்கள் நொந்துபோயிருந்தார்கள். 2008 செப்டம்பரில் வந்த இந்த ஆல்பத்தில் சோலோக்களும் நீண்ட பாட்டுகளும் திரும்பி வந்தன. பாட்டில் மனம் நிறைந்த ரசிகனுக்கு ஒலிதான் தடையாகிவிட்டது. ஏற்ற இறக்கத்தை அளக்கிற டைனமிக் ரேஞ்ச் எண் அந்தக் குறுந்தகட்டுக்கு 3. எண் குறையக் குறைய நசுக்கல் அதிகம். எண்பதுகளின் ராக் குறுந்தகடுகள் பல 10-க்கு மேல் இருக்கும். அதே சமயத்தில் அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டுக்கும் வந்தன. விளையாடுகிறவன் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் மட்டும் மௌனமாக வேண்டும். அதற்காக வாத்தியங்களைத் தனித்தனித் தடமாகக் கொடுத்திருந்தார்கள். கடைசி நசுக்கல் அந்தத் தடங்களில் ஏறவில்லை. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பொம்மை கிட்டார் விளையாட்டுக்குப் போன பதிவுதான் உயிரோடு இருந்தது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனும், தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதியது வெளியே வந்தது. பல்லாயிரம் பேர் மறுபடி கலக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். குறுந்தகடு மாறவில்லை.

இரண்டே மாதத்தில், 2008 நவம்பரில், கன்ஸ் என் ரோஸஸின் ‘சைனீஸ் டெமாக்ரசி’ வந்தது. பதினைந்து வருஷக் காத்திருப்பு, பழைய குழுவில் ஆக்ஸல் ரோஸைத் தவிர ஏறக்குறைய யாருமே இல்லை. பாட்டுகளைப் பற்றி ரசிகர்கள் கடுமையாகப் பிரிந்தார்கள். ஆனால் மாஸ்டரிங் செய்த பாப் லட்விக் மூன்று விதமாகச் செய்து கொடுத்ததில், சத்தத்துக்காக நசுக்காத பதிவையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே ஆண்டில், ஒன்றில் ரசிகர்களுக்குப் பிடித்த பாட்டு நசுங்கி வந்தது, மற்றொன்றில் ரசிகர்கள் சண்டையிட்ட பாட்டு நல்ல மூச்சோடு வந்தது.

இதையெல்லாம் நீயே சோதித்துப் பார்க்கலாம். குறுந்தகட்டிலிருந்து தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுத்துக்கொள். எம்பி3 வேண்டாம், சுருக்கி விரிக்கும்போது அலையின் முனைகள் இடம் மாறி ஏமாற்றும். ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, வியூ மெனுவில் கிளிப்பிங் காட்டும் வசதியைப் போடு. கூரையில் இடித்த இடமெல்லாம் சிவப்புக் கோடு விழும். சிவப்பே வரவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதே. பலர் லிமிட்டரைக் கூரைக்குச் சற்றுக் கீழே, 0.3 டெசிபல் குறைத்து வைப்பார்கள். அங்கே சிவப்பு விழாது, நசுக்கல் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு ஸ்னேர் அடியைப் பிடித்து, தனித்தனிப் புள்ளிகள் தெரிகிறவரை பெரிதாக்கு. விநாடிக்கு 44,100 புள்ளி. முனை ஊசி மாதிரி இருந்தால் நல்லது. ஐந்தாறு புள்ளி வரிசையாக ஒரே உயரத்தில் மேஜை மாதிரி தட்டையாக இருந்தால் நறுக்கியிருக்கிறார்கள்.

கேட்டு ஒப்பிடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். ஆகவே இரண்டு பதிவிலும் ஒரே பகுதியை, இருபது முப்பது விநாடி மட்டும் வெட்டி எடு. முழுப் பாட்டையும் எடுத்தால் மெதுவான தொடக்கம் சராசரியைக் கெடுக்கும். பிறகு எஃபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷனில் இரண்டுக்கும் மைனஸ் 20 லஃப்ஸ் கொடு. லஃப்ஸ் என்பது காதுக்குத் தெரிகிற சராசரிச் சத்தத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆகச் சத்தம் குறைவு. மைனஸ் 14 கொடுத்துவிடாதே. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள நல்ல பதிவை அந்த அளவுக்குத் தூக்கினால் அதன் முனைகள் கூரையைத் தாண்டிவிடும், நீயே கெடுத்துவிட்டுப் பழியைப் பதிவின் மேல் போடுவாய். கடைசியாக, எது எது என்று உனக்குத் தெரியாதபடி வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேள். சம அளவில் கேட்டால் நசுங்கியது சட்டென்று சின்னதாகிவிடும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பதாக இருந்தால் இரண்டு பொறி உண்டு. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது. மைனஸ் 6-இல் வந்த ஆல்பத்தை எட்டு டெசிபல் குறைத்துத்தான் ஒலிக்கவிடும். நசுக்கிச் சேர்த்த சத்தம் அங்கே போய்விடும், நசுங்கிய முனை மட்டும் திரும்பி வராது. ‘லவுட்’ அமைப்பை அணைத்தே வை. இன்னொன்று, பழைய ஆல்பம் என்று நீ ஒப்பிடுவது பழைய பதிவாகவே இருக்காது. முகப்பில் எழுபதுகளின் ஆண்டு இருக்கும், உள்ளே இருப்பது பிற்காலத்தில் சத்தம் கூட்டிய ரீமாஸ்டர். அதனோடு ஒப்பிட்டால் புது ஆல்பத்தின் நசுக்கல் தெரியவே தெரியாது.

வினைல் இசைத்தட்டில் அந்த டைனமிக் ரேஞ்ச் எண் 10 காட்டுகிறது, ஆகவே அது வேறு மாஸ்டர் என்று சொல்பவர்களையும் அப்படியே நம்பாதே. நசுங்கிய அதே கோப்பிலிருந்து தட்டு வெட்டினாலும், ஊசி படிக்கும்போது அலையின் வடிவம் கொஞ்சம் குலைந்து முனைகள் எழுந்துவிடும். எண் ஏறும், காதுக்கு அதே பழைய அசதிதான்.

ஒலியைத் தாண்டியும் ரசிகர்கள் சரியாகப் பிடிக்கிற ஒன்று உண்டு. யார் வாசிக்கிறார் என்பது. பிளாக் சாபத்தின் ‘13’ வந்தது 2013-இல், பாடகர் ஆஸி ஆஸ்போர்னோடு 1978-க்குப் பிறகு முதல் முழு ஆல்பம். பிரிட்டனில் 1970-க்குப் பிறகு முதல் முறையாக முதலிடம். ஆனாலும் குழுவின் முதல் டிரம்மர் பில் வார்ட் இல்லையே என்ற குறை நிற்கவே இல்லை. ஒப்பந்தம் ஒத்துவராமல் அவர் விலகியிருந்தார், ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் பிராட் வில்க் வாசித்தார். வில்க் நேராக, கட்டாக அடிப்பவர். வார்டுடைய கை ஜாஸிலிருந்து வந்தது, தாளம் ஊஞ்சல் மாதிரி கொஞ்சம் சாய்ந்து வரும். டோனி அயோமி கிட்டாரில் திரும்பத் திரும்ப வாசிக்கும் கனத்த ரிஃபுக்கு அடியில் அந்தச் சாய்வு இருந்தால் பாட்டு தள்ளாடி நடக்கும், இல்லாவிட்டால் அணிவகுத்து நடக்கும். அது வெறும் ஏக்கமில்லை, காதால் கேட்டுச் சொன்ன குறை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் குழுவின் பழைய நால்வரும் ஒரே மேடையில் வாசித்ததைப் பார்த்தபோது எத்தனை பேர் கண்கலங்கினார்கள் என்று நினைக்கிறாய். பதினேழே நாளில் ஆஸி போய்விட்டார். அந்த நால்வர் சேர்ந்து இன்னொரு முழு ஆல்பம் போடவே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸின் 2023 ஆல்பம் ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ இதற்கு நல்ல பாடம். 2021-இல் இறந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் அதில் இரண்டே பாட்டில் வாசிக்கிறார், மற்றவற்றில் பெரும்பாலும் ஸ்டீவ் ஜோர்டன். உறையில் யார் பெயர் என்று பாராமல் கேள். ஸ்னேரை அடிக்கும் கணத்தில், காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவது வாட்ஸின் பெயர்போன வழக்கம். அந்தச் சின்ன இடைவெளியைத் தேடு.

முதலில் விடும் ஒற்றைப் பாட்டை வைத்து வருகிற கோபத்தை மட்டும் கணக்கில் எடுக்காதே. வான் ஹேலன் குழு 2012-இல் பழைய பாடகர் டேவிட் லீ ராத்தோடு 28 வருஷம் கழித்துப் போட்ட ஆல்பத்துக்கு முன்னோட்டமாக ‘டாட்டூ’ வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். முழு ஆல்பம் வந்ததும் பேச்சு மாறியது. எழுபதுகளின் கள்ளப்பதிவுகளைக் கரைத்துக் குடித்த ரசிகர்கள், இதில் பல பாட்டுகள் அந்தக் காலத்து டெமோக்களிலிருந்து, அதாவது வெளியிடாத சோதனைப் பதிவுகளிலிருந்து, எடுத்துச் செதுக்கியவை என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். சிலருக்கு அது ஏமாற்றம். எனக்கென்னவோ, கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலனின் இருபது வயதுக் கற்பனையை ஐம்பதைத் தாண்டிய கை வாசிப்பதைக் கேட்க வேறு வாய்ப்பே இல்லை.

ரஷ் பற்றிய செய்தி உன் காதுக்கும் எட்டியிருக்கும். பியர்ட் 2020-இல் போனபின், குழுவின் மற்ற இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் அனிகா நில்லஸை டிரம்ஸில் அமர்த்தி 2026-க்குச் சுற்றுப்பயணம் அறிவித்தார்கள். அதற்குள் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ இரண்டு பதிவையும் நான் சொன்ன மாதிரி மைனஸ் 20-இல் சமப்படுத்திக் கேட்டுவிடு. முதல் பாட்டில் கிட்டார் நுழைகிற இடத்தில் பேஸ் டிரம் உனக்கு என்ன ஆகிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்