ரத்தக் குப்பி கீழே போக வேண்டாம், பரிசோதனை மேலே வரட்டும்

மதிப்பிற்குரிய கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலைப் பட்டிகளில் சினையாடுகள் நாலாம் மாதத்தில் குட்டி வீசுவது (கருக்கலைவது) தாங்கள் அறிந்த சங்கதிதான். இது கன்று வீச்சு நோய் என்கிற புருசெல்லோசிஸா என்று பார்க்கக் கீழே சமவெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்த மாதிரிகள் ‘கெட்டுவிட்டன, பரிசோதிக்க இயலாது’ என்று திரும்பி வந்ததால்தான் இந்த மடல்.

அவை கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கழுத்து நரம்பில் 5 மில்லி ரத்தம் எடுத்துக் குப்பியைச் சாய்த்து வைத்தால், சமவெளியில் சில மணி நேரத்தில் உறைந்து, பரிசோதனைக்கு வேண்டிய தெளிநீரான சீரம் பிரிந்துவிடும். மேல்மலைக் குளிரில் அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். தெளியும் முன்பே பேருந்தில் ஏற்றினால், கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தாலும் அதே கதிதான். சீரத்தை இங்கேயே பிரித்து வேறு குப்பிக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு பழுதும் வராது.

சொல்லப்போனால் கீழே அனுப்பவே தேவையில்லை. இந்த நோயைக் கண்டுபிடிக்கும் ரோஸ் பெங்கால் பரிசோதனைக்கு ஒரு வெள்ளை ஓடு, ஆன்டிஜென் (சீரத்தோடு கலக்கும் சாயமேற்றிய மருந்து), அளந்து விடும் பிப்பெட், நாலு நிமிடம் போதும். மாட்டுக்குச் சீரமும் ஆன்டிஜெனும் சம அளவு. ஆட்டுக்கு 75 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 25 மைக்ரோலிட்டர் ஆன்டிஜென். மாட்டுக் கணக்கிலேயே பார்த்தால் நோயுள்ள சில ஆடுகள் பரிசோதனையில் அகப்படாமல் தப்பிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஆன்டிஜென் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கலக்க வேண்டும்; மார்கழியில் இங்கே அறையும் ஃப்ரிட்ஜ் மாதிரிதான், அதையும் கணக்கில் வையுங்கள். குட்டி வீசிய கையோடு பார்த்து நோய் இல்லை என்று வந்தாலும், மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆகவே கேட்பது ஒன்றே: குட்டி வீசிய பட்டியை, பொலிகிடா உட்பட, முழுவதுமாக மலையிலேயே பரிசோதியுங்கள்.

முடிவு வராத இடைவெளியில் என்ன நடக்கிறது? ஒரு முறை குட்டி வீசிய ஆடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் ஒழுங்காகவே ஈனும். தேறிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் கிருமி பாலிலும் ஈற்று நீரிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதற்கு ஆட்டுக்குச் செய்யத்தக்க வைத்தியம் கிடையாது. அந்த ஆடு வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போனால், வாங்குகிறவர் நோயையும் சேர்த்து ஓட்டிப் போகிறார். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துப் போடுவதும், அதை நாய் கவ்வி அடுத்த பட்டியில் போடுவதும் இன்றும் நடக்கிறது. வெயில் பட்டால் சீக்கிரம் சாகும் கிருமி, நிழலும் ஈரமும் குளிரும் சேர்ந்த மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மேல்மலையில் அந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை.

பிறகு ஆளுக்குக் காய்ச்சல் வரும். இரவில் வேர்வை, இடுப்பில் வலி. டைபாய்டு என்று மருந்து கொடுப்பார்கள். விட்ட மாதிரி இருந்து திரும்ப வரும். சரியான மருந்தையே ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டிய நோய் இது.

2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும்தான். ஆனால் இந்நோய்க் கிருமிகளில் மனிதரை அதிகம் வாட்டும் மெலிடென்சிஸ் வகை ஆட்டில்தான் குடியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஆட்டுக்கு இடம் உண்டு; ஊசிப் பட்டியலில் இல்லை. நோய் கண்டால் தகவல் தருவது உரிமையாளர் கடமையாம். நோய் எது என்று யாராவது சொன்னால் கடமையைச் செய்யத் தடையில்லை! போகட்டும், தில்லிக்குச் சொல்ல வேண்டியதைத் தங்களிடம் கொட்டுவது நியாயமில்லை.

தங்களால் முடிந்ததை மட்டும் தாழ்மையுடன் கேட்கிறோம். ஆன்டிஜென், ஆட்டுக்கான அளவு தெரிந்த ஒருவர், பட்டிக்கு ஒரு பெட்டி கையுறை, புதைகுழிக்குச் சுண்ணாம்பு. அடுத்த ஈற்றுக்கு முன் பரிசோதனை மலையிலேயே நடக்கட்டும். தேதியை முந்தின நாளே சொல்லிவிட்டால், ஆடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியில் அடைத்து, வீசிய ஆடுகளின் கொம்பில் பெயிண்ட் அடித்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
மேல்மலை ஆடு வளர்ப்போர்