பேஸ்பால் மேலாளர்களுக்கும் பந்துவீச்சுப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் அணிகளின் பெருமதிப்பிற்குரிய மேலாளர்களே, பந்துவீச்சுப் பயிற்சியாளர்களே,

வணக்கம். பிப்ரவரி நடுவில் பந்துவீச்சாளர்களும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்கு வந்து சேரும் நாள் தொடங்கி, மார்ச் இறுதியில் முதல் ஆட்டம் நடக்கும் நாள் வரை உங்களுக்குக் கிடைப்பவை ஏறத்தாழ ஆறு வாரங்கள். ஆட்டத்தைத் தொடங்கி நீண்ட நேரம் வீசும் ஸ்டார்ட்டர் யார், பின்னர் மாற்றாக வந்து வீசும் ரிலீவர்களின் குழுவான புல்பென்னுக்குப் போகிறவர் யார், அங்கே முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் க்ளோசர் யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஆறு வாரங்களில்தான் விடை தேடப்படுகிறது. பல அணிகளில் முகாமின் கடைசி நாட்களில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு வருகிறது. நீண்ட நேரம் வீசப்போகிறவர்கள் யார் என்பதை முகாம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் யாருக்கு என்பதை முகாம் முடிந்த பிறகும் முடிவு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டரின் கை படிப்படியாகத்தான் தயாராகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முகாமின் முதல் ஆட்டத்தில் முப்பது பந்துகளை ஒட்டி வீசுகிறவர், ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து பந்துகளைக் கூட்டிக்கொண்டே போய், சீசன் தொடங்கும்போது எண்பது, தொண்ணூறு பந்துகளைத் தாங்கும் நிலையை அடைகிறார். அவ்வாறு தயாரானவரை எந்த நாளிலும் ஓர் இன்னிங்ஸுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஓர் இன்னிங்ஸ் வீசிப் பழகியவரை, இன்னொருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார் என்பதற்காக மார்ச் கடைசியில் ஸ்டார்ட்டராக்கினால், அவர் ஏற வேண்டிய படிகளைச் சீசனுக்குள்தான் ஏற வேண்டியிருக்கும்; அதற்கான விலையை அணியின் வெற்றி தோல்விக் கணக்கோ அவருடைய கையோ கொடுக்கும். ஆகவே ஐயத்துக்குரிய ஒவ்வொருவரையும் நீண்ட வேலைக்கே தயார் செய்யுங்கள். ஐந்து ஸ்டார்ட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு சீசன் முழுவதையும் கடக்கும் அணி மிகமிக அரிது என்னும்போது, ஏழெட்டுப் பேரை அந்தப் படிகளில் ஏற்றிவிடுவது வீண்செலவாகாது.

162 ஆட்டங்களில் ஓர் அணி வீச வேண்டியது ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். இன்றைய ஸ்டார்ட்டர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸைச் சற்றே தாண்டி நிற்கிறார் என்பதால், அறுநூறுக்கு மேற்பட்ட இன்னிங்ஸ் புல்பென் மீது விழுகின்றன. 26 பேர் கொண்ட அணியில் 13 பந்துவீச்சாளர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. இந்தச் சுமையை யார் யார் எவ்வளவு தாங்குவார்கள் என்ற கணக்கு குளிர்காலத்திலேயே போட்டுப் பார்க்கக் கூடியது. முகாமில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களின் எண்களுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. அந்த எண்களை நம்பவும் முடியாது. ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எதிரே நிற்பவர்களில் பலர் கீழ்நிலையான மைனர் லீக் ஆட்டக்காரர்கள். நம்முடைய வீச்சாளரோ அன்றைக்குப் புதிதாகப் பழகும் ஒரே பந்து வகையைத் திரும்பத் திரும்ப வீசிப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியவை வேறு: எதிர்க்கை பேட்டர்களிடம் (வலக்கை வீச்சாளருக்கு இடக்கை பேட்டர்கள்) நம்பி வீசத்தக்க மூன்றாவது பந்து வகை அவரிடம் இருக்கிறதா, அதே பேட்டரை ஒரே ஆட்டத்தில் மூன்றாம் முறை சந்திக்கும்போது அவர் என்ன செய்கிறார், முந்தைய ஆண்டு எத்தனை இன்னிங்ஸ் வீசினார்.

கடைசியாகச் சொன்ன அளவுகோல் மிகக் கண்டிப்பானது போலத் தோன்றினாலும், அதையும் திட்டமிட்டுக் கடக்க முடியும் என்பதற்குக் காரெட் க்ரோஷே சான்று. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2023-இல் மேஜர் லீகில் பதின்மூன்று இன்னிங்ஸ்கூட முழுதாக வீசாத ரிலீவரான அவரை, சிகாகோ வொயிட் சாக்ஸ் 2024-இன் முதல் ஆட்டத்திலேயே ஸ்டார்ட்டராக நிறுத்தியது. அவ்வாண்டு 32 ஆட்டங்களைத் தொடங்கியும் 146 இன்னிங்ஸோடு நின்றார். சீசனின் பிற்பகுதியில் அணி அவரை ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸுக்கு மேல் விடாமல் கட்டுப்படுத்தியதே அதற்குக் காரணம். மறு ஆண்டு பாஸ்டன் அணிக்காக இருநூறு இன்னிங்ஸைக் கடந்தார். அந்த வொயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது உண்மைதான். ஆயினும் இந்த ஒரு முடிவை அவர்கள் சரியான நேரத்தில் எடுத்தார்கள். நியூயார்க் மெட்ஸில் பெரும்பாலும் புல்பென்னிலேயே இருந்த செத் லூகோ, 2023-இல் சான் டியேகோவில் ஸ்டார்ட்டராகி, 2024-இல் கன்சாஸ் சிட்டிக்காக 206 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, சிறந்த பந்துவீச்சாளருக்குத் தரப்படும் சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றதையும் நீங்கள் அறிவீர்கள். அவருடைய பந்து வகைகளின் எண்ணிக்கை, அவர் நீண்ட வேலைக்கானவர் என்று முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

இனி ஒன்பதாவது இன்னிங்ஸ். சிறிய முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் ரிலீவரின் கணக்கில் சேரும் சேவ், 1969-இல் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமானது. 1988 முதல் ஓக்லாந்தில் மேலாளர் டோனி லா ரூசா, முன்பு ஸ்டார்ட்டராக இருந்த டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஓர் இன்னிங்ஸ் க்ளோசராகப் பயன்படுத்திய முறையை மற்ற அணிகளும் பின்பற்றின. 1992-இல் எக்கர்ஸ்லி 51 சேவ்களோடு சை யங் விருதையும் அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதையும் ஒருங்கே பெற்றார். அந்த ஏற்பாடு அவருக்குப் பொருந்தியது. ஆனால் அணியின் மிகச் சிறந்த ரிலீவர், மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலை கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதியாக உறைந்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016-இல் 47 வாய்ப்புகளில் 47 சேவ் எடுத்திருந்த பால்டிமோரின் ஸாக் பிரிட்டன், டொராண்டோவில் நடந்த, தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை நாக்அவுட் ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் டொராண்டோவின் எட்வின் என்கர்நாசியோன் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னோடு பால்டிமோரின் ஆண்டு முடிந்தது. அதே அக்டோபரில் கிளீவ்லாந்தின் மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா, ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்குக் காக்க வைக்காமல் ஆட்டத்தின் நடுவிலேயே இறக்கினார். அமெரிக்கன் லீகின் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குக் கிடைத்தது.

2003-இல் பாஸ்டன், நிலையான க்ளோசர் இல்லாமலே தொடங்கி, முதல் ஆட்டத்திலேயே ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையை இழந்து தோற்றதை நீங்கள் எனக்கு நினைவூட்டலாம். எப்போது எழுந்து கையைச் சூடேற்றுவது என்று தெரியாமல் இருப்பது பந்துவீச்சாளருக்குத் துன்பம் என்பதும் நியாயமே. அதனால்தான் இன்னிங்ஸ் எண்ணுக்குப் பதிலாக எதிரணியின் பேட்டிங் வரிசையைக் கொண்டு பொறுப்பைச் சொல்லுங்கள் என்கிறேன். 2020 முதல், இன்னிங்ஸ் முடிந்தாலொழிய ஒரு ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்தித்தாக வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. எந்த மூவர் உனக்குரியவர்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே ஒருவரிடம் சொல்லிவிட்டால், ஏழாவது இன்னிங்ஸா ஒன்பதாவதா என்பது அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

இதில் பணமும் இருக்கிறது. 2017-இல் நியூயார்க் யாங்கீஸின் ரிலீவர் டெலின் பெட்டான்சஸ் சம்பள நடுவர் விசாரணையில் 50 லட்சம் டாலர் கேட்டுத் தோற்று 30 லட்சம் பெற்றார். க்ளோசருக்குரிய எண்கள் அவரிடம் இல்லை என்பதே அணித் தரப்பு வெளிப்படையாகப் பேசிய வாதம். சேவ்களைக் கேட்காதே என்று மேலாளர் சொல்லும் வீரரிடம், சேவ் இல்லையே என்று நிர்வாகம் பின்னர் சொல்வது நேர்மையாகாது. ஆகவே முகாமுக்கு முன்பாக உங்கள் பொது மேலாளர்களிடம் இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு பந்துவீச்சாளரையும் தனித்தனியே அழைத்து, நீண்ட வேலைக்கானவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை, குளிர்காலப் பயிற்சியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கும்போதே, நேரில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பந்துவீச்சை விரும்பிப் பின்தொடரும் ஒரு பேஸ்பால் ரசிகர்