இரவு இரண்டு மணிக்கு எங்கள் கதவைத் தட்டியவர்களுக்கு

எங்கள் பங்கு மக்களுக்கும், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் செபிக்கக் கூடும் எங்கள் அன்பியத்தின் குடும்பங்களுக்கும், வலிதணிப்புப் பராமரிப்புக்காக வீட்டுக்கே வரும் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் செவிலியருக்கும், சமயம் பாராமல் துணைநின்ற அயல்வீட்டாருக்கும் ஒரு தாயின் பணிவான வணக்கம்.

என் மகன் களியக்காவிளைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு திரும்பவில்லை. திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் எழுந்து நடக்கிற நாளில் பங்குக் கோவிலில் திருப்பலி ஒப்புக்கொடுத்து உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். நன்றியை அந்த ஒரு நாளோடு கட்டிப்போட்டது தவறு என்று இப்போது உணர்கிறேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து அவனைக் கேரளத்தில் பாறசாலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வளர்ந்த பிள்ளையைத் தனியாகப் புரட்ட என்னால் முடியவில்லை. இதை அறிந்த அன்பியத்தார் என்னிடம் எதுவும் கேட்காமலேயே தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்டார்கள். பத்து மணிக்குத் தையல் கடை அக்கா வருவார். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இளைஞர்கள் இருவர் இருவராக வருவார்கள். நாலு மணிக்கு, ரப்பர் வெட்டப் போகும் அண்ணன்மார் நெற்றியில் விளக்கைக் கட்டியபடியே வந்து, பிள்ளையைப் புரட்டி, முதுகைத் துடைத்து, சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். எதிர்வீட்டுச் சேச்சி கோவிலுக்குப் போகும் இந்து. எங்கள் செபங்கள் அவருக்குத் தெரியா. ஆயினும் மழைக்கால இரவுகளில் ஆள் வரத் தாமதித்தபோதெல்லாம் அவர்தான் குடை பிடித்து ஓடிவந்தார். கெத்சமனித் தோட்டத்தில் ஒரு மணி நேரம் விழித்திருக்கும்படி ஆண்டவர் கேட்டார், சீடர்கள் உறங்கிவிட்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். என் வீட்டில் நீங்கள் ஏறத்தாழ ஐந்நூறு இரவுகள் விழித்திருந்தீர்கள்.

அந்நாள்களில் என் செபம் ஒரே ஒரு வரிதான்: இதை எடுத்துவிடும். கிடைக்காததைத் திரும்பத் திரும்பக் கேட்பது கீழ்ப்படியாமையாகுமோ என்று அஞ்சினேன். எங்களைச் சந்திக்க வந்த அருள்சகோதரி ஒருவர் என் அருகே தரையில் அமர்ந்து, துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று ஆண்டவரே மும்முறை வேண்டினார், பவுலும் தம் உடலில் தைத்த முள்ளுக்காக மும்முறை வேண்டினார், நீங்கள் நாள்தோறும் வேண்டுங்கள் என்றார். பிறகு எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து, இறைமகன் தாம் பட்ட துன்பங்கள் வழியாகக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்ற இடத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். கற்றுக்கொண்டார் என்ற அந்தச் சொல்லை விட்டு நான் பல நாள் நகரவே இல்லை. கீழ்ப்படிதல் என்றால் அழாமல் இருப்பது என்று சிறு வயது முதலே நினைத்திருந்தேன். அவருக்கே அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாயிருந்தது என்றால், எனக்கு ஏன் ஒரே நாளில் வர வேண்டும்? 88ஆம் திருப்பாடல் ஆறுதல் எதுவும் இன்றி இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது.

எல்லாரும் இப்படிப் பேசவில்லை. நம்பிக்கை இருந்தால் இவன் நடந்திருப்பான் என்று ஒருவர் என் மகன் காதுபடச் சொன்னார். பெற்றோர் செய்த பாவம் என்றார் இன்னொருவர். அதன்பின் இரண்டு வாரம் அவன் செபமாலையைத் தொடவில்லை. அவனை நான் வற்புறுத்தவும் இல்லை. நோயுற்றோருக்குச் செபித்து எண்ணெய் பூசும் நோயில்பூசுதலைக் கொடுக்கப் பங்குத்தந்தை வந்தபோது, பிறவிக் குருடரைக் குறித்து இவர் செய்த பாவமும் அன்று, இவர் பெற்றோர் செய்த பாவமும் அன்று என்று ஆண்டவர் கூறியதையும், விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கண்டித்ததையும் அவனுக்கு எடுத்துச் சொன்னார். தந்தையே, அந்த எண்ணெயைவிட அன்று நீங்கள் சொன்ன சொற்களே அவனை முதலில் தொட்டன என்று நான் சொன்னால் தவறாக எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

யோபு நம் மண்ணுக்கு அந்நியர் அல்லர். மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைத்தான் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் ஏற்ற பெயர் தேவசகாயம். 1749 முதல் சிறையும் வதையும் பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த அவரை 2022இல் திருத்தந்தை பிரான்சிசு புனிதராக அறிவித்தார். லாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழாக்கியதே தேவசகாயம்; கடவுளின் உதவி என்பது பொருள். துப்பாக்கியிலிருந்து தப்பாத ஒருவருக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று என் மகன் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்நேரம் நாலு மணி. வெளியே ரப்பர் வெட்டும் அண்ணன்மாரின் காலடி கேட்டது. பதிலை அவனே கண்டுகொண்டான் என்பதை அவன் முகத்தில் பார்த்தேன்.

ஏற்றுக்கொள்வது என்றால் புண்ணை வரவிட்டுப் பார்த்திருப்பது அன்று. துன்புறுவதன் வழியே நன்மை செய்யவும், துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து ஒருசேரக் கற்பித்தார் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் எழுதிய மடலில் கூறுகிறார். இந்த இரண்டாவது பாதியை எனக்குக் காட்டியவர் எங்கள் பஞ்சாயத்துச் செவிலியர். 2008இல் கேரள அரசு வகுத்த கொள்கையால் இவ்வகைப் பராமரிப்பு வீட்டு வாசலுக்கே வருகிறது. சிறுநீர்க் குழாயை மாற்றவும், முதுகைச் சோதிக்கவும், என்னைக் கடிந்து சாப்பிட வைக்கவும் அவர் தவறாமல் வருகிறார். மகனுக்கு இன்றுவரை ஒரு புண்கூட இல்லை.

சன்னல் கம்பியில் கட்டிய கயிற்றைப் பிடித்து அவனே புரண்டு படுக்கப் பழகிவிட்டான். ஆகவே இந்த மாதம் முதல் இரவு முறைக்கு யாரும் வர வேண்டியதில்லை, நன்றாக உறங்குங்கள். வரும் ஞாயிறு மாலை அன்பியச் செபமாலை எங்கள் வீட்டில். செபமாலையில் தியானிக்கும் இரண்டாம் மறையுண்மையை அவன் சொல்லித் தொடங்குவதாகக் கூறியிருக்கிறான். மரச்சீனியும் மீன்கறியும் வைத்திருப்பேன். சேச்சி, நீங்களும் வர வேண்டும்.